சிமெண்டுத் தரையில் ஒரு பாத்தி

கீழ்வீட்டுத் தம்பிக்குப் பெட்டி அடிக்கத் தெரியாது என்று நான் சொன்னால், அவர் வேலை செய்கிற இடத்தில் வாய்விட்டுச் சிரிப்பார்கள். அவர் சென்ட்ரிங் தச்சர். தூணுக்கும் உத்தரத்துக்கும் பலகையால் பெட்டி அடித்துக் கொடுப்பார். அதில் கான்கிரீட்டைக் கொட்டுவார்கள். இறுகியதும் அவரே வந்து பலகையைப் பிரித்து எடுத்துப் போய் அடுத்த தூணுக்கு அடிப்பார். அப்படிப்பட்டவர் ஒரு குழந்தைக்காக நாலு பலகையில் ஒரு பாத்தி அடித்தார். அதனால் ஒரு வீடே மண்டையைப் பிய்த்துக்கொண்டதை நான் மாடி ஜன்னலில் உட்கார்ந்து பார்த்தேன். எட்டிப் பார்ப்பது தப்புதான். ஆனால் தையல் மெஷினை வெளிச்சம் வருகிற இடத்தில்தான் போட முடியும். எனக்கு வெளிச்சம் வருகிற ஒரே ஜன்னல் அவர்கள் வீட்டுப் பின்பக்கத்தைப் பார்க்கிறது. நான் என்ன செய்ய?

கீழே மூன்று பேர். தம்பி, அவர் கட்டிக்கொண்டவள், அவளுடைய மகள். முதல் கல்யாணத்து மகள். முதல் புருஷன் காய்ச்சலில் படுத்து எழுந்திருக்காமலே போய்விட்டார். அதற்குப் பிறகு தாயும் மகளும் அவருடைய அக்கா வீட்டில் இருந்தார்கள். இவள் இந்தத் தம்பியைக் கட்டிக்கொண்டு இங்கே குடிவந்து ஒரு பள்ளிக்கூட வருஷம் ஆகப்போகிறது. மகளை எல்லோரும் சில்லு என்றுதான் கூப்பிடுவார்கள். உடம்பு அந்த அளவுதான். வாய் மட்டும் உடம்புக்குச் சம்பந்தமில்லாத அளவு.

அந்த வாயிலும் தம்பியைக் கூப்பிட ஒரு சொல் இல்லை. அவரிடம் ஏதாவது வேண்டுமென்றால் நேரே போய் அவர் முன்னால் நிற்பாள். அவர் நிமிர்ந்து பார்த்ததும் பேச ஆரம்பிப்பாள். முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தால் சுற்றிக்கொண்டு போய் முன்னால் நிற்பாள். அவரும் அவளைத் தொட்டுத் தூக்குவதா, தலையைத் தடவுவதா, எட்டியே இருப்பதா என்று தெரியாமல், கையைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருப்பார். பார்க்கிற எனக்குத்தான் கை வலிக்கும்.

அத்தைக்காரி கெட்டவள் இல்லை. பிள்ளை இல்லாதவள். சில்லுவைத் தோளில் போட்டு வளர்த்தவள். மாதம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போவாள். போன தடவை வந்தபோது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டாள்.

"லீவு விட்டதும் வந்து கூட்டிட்டுப் போறேன். லீவுக்கு மட்டுமா, ஒரேயடியாவான்னு அவளே சொல்லட்டும். நான் யாரையும் கட்டாயப்படுத்தல."

"அவளே சொல்லட்டும் அண்ணி," என்றாள் அம்மாக்காரி.

"ஆமா, அவளே சொல்லட்டும்," என்றார் தம்பி.

எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அவளிடம் ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டு, வேண்டாத பதில் வந்துவிட்டால்? அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லோரும் சில்லுவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நடமாடினார்கள். அவள் கொட்டாவி விட்டால்கூட அதற்கு அர்த்தம் தேடினார்கள்.

பாத்திப் பேச்சு அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. அம்மாக்காரிக்குப் பேக்கரியில் பாக்கிங் வேலை. கோணிப்போன, ஓரம் கருகிய ரொட்டிகளை வீட்டுக்குக் கொண்டுவருவாள். பின்வாசல் படியில் உட்கார்ந்து ரொட்டியை டீயில் முக்கித் தின்றுகொண்டே சில்லு சொன்னாள்.

"அத்தை வீட்டுல மண்ணு இருக்கு. இங்க சுத்தி சுத்தி சிமெண்டுதான்."

அவ்வளவுதான். தம்பி டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"மண்ணுதானே வேணும்? கொண்டாந்துட்டாப் போச்சு."

"சிமெண்டு மேலயா?"

"பலகையில பெட்டி அடிச்சு, அதுக்குள்ள மண்ணைக் கொட்டுவோம். உன் இடுப்பு உசரத்துக்கு. குனியவே வேணாம்."

"என் இடுப்பா, உங்க இடுப்பா?"

அவர் அதையும் யோசித்தார். "உன் இடுப்புதான்."

அன்று மத்தியானமே பழைய சென்ட்ரிங் பலகைகள் ஒரு வண்டியில் வந்து இறங்கின. வெயில் அடித்துக்கொண்டிருந்தது. மேகம் கூடுவதும், மழை வரும் என்று நான் துணியை எடுப்பதும், அது ஏமாற்றிவிட்டுப் போவதுமாக அந்த மாதம் முழுக்க அப்படித்தான். பலகைகளில் கான்கிரீட் ஒட்டாமலிருக்கத் தடவிய எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தது. அவர் இழைப்புளி வைத்துச் சுரண்டிச் சுரண்டி வெள்ளை மரம் தெரிகிறவரை எடுத்தார். சில்லு சுருள் சுருளாக விழுந்த சீவலைப் பொறுக்கிக் காதில் கம்மலாக மாட்டிக்கொண்டு, அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்தாள். பிடித்த கையோடு அதிகாரமும் வந்துவிட்டது.

"கோணலா இருக்கு."

"இல்லம்மா, மூலைமட்டம் வச்சுத்தான் பாத்தேன்."

"தரை கோணலா இருக்கு."

தரை கோணல்தான். செங்கல் வைத்து மட்டம் பண்ணினார். அடிப்பலகை போட்டார். பிறகு ஒரு காரியம் செய்தார். பலகைக்கும் பலகைக்கும் நடுவில் இருந்த இடுக்குகளில் சிமெண்டுச் சாக்குக் காகிதத்தை மடித்து மடித்துத் திணித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. ஜன்னலில் இருந்தே குரல் கொடுத்தேன்.

"தம்பி, அது எதுக்கு?"

"ஒழுகாம இருக்கணும்ல அக்கா. இல்லாட்டி பால் இறங்கிடும்."

"எந்தப் பால்?"

"சிமெண்டுப் பா..." பாதியில் நிறுத்திவிட்டுத் திருதிருவென்று விழித்தார். சில்லு விழுந்து விழுந்து சிரித்தாள். அவரோடு இருக்கும்போது அவள் அப்படிச் சிரித்து நான் அதுவரை கேட்டதில்லை. அவரும் கேட்டதில்லை போல. காகிதத்தை உருவி எடுத்துவிட்டு, துரப்பணத்தால் அடிப்பலகையில் ஓட்டை போடும்போது முகம் முழுக்கப் பல்.

பிறகு ஆணி. அதில்தான் எல்லாம் கெட்டது. கெட்டது என்று எனக்கு அப்போது தெரியவில்லை. தெரிந்திருந்தால் இறங்கிப் போயிருப்பேன்.

சில்லு ஆணியை எடுத்துக் கொடுக்க, அவர் அடித்தார். நல்ல வேகம். ஆணி முக்கால்வாசி இறங்கியதும் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனார். பெட்டியின் நாலு மூலையிலும் ஆணித்தலைகள் விரல்கனம் வெளியே நின்றன.

"முழுசா அடிக்கலையே?" என்றாள் சில்லு.

"இவ்வளவு போதும்."

"ஏன் தலை வெளிய நிக்குது?"

"அப்புறம் பிடுங்கணும்ல. கொக்கி மாட்டத் தலை வெளிய இருக்கணும்."

எதையும் யோசிக்காமல், வாயில் இரண்டு ஆணியை வைத்துக்கொண்டு, தினம் கையாளிடம் சொல்வது மாதிரி சொன்னார். சில்லு அடுத்த ஆணியை உடனே கொடுக்கவில்லை. கொஞ்சம் கழித்துத்தான் கொடுத்தாள். வெயிலில் களைத்துவிட்டாள் என்று நினைத்து, தண்ணீர் குடிக்கச் சொல்லி நான்கூடக் கத்தினேன்.

மண் வந்து சேர ஒரு வாரம் ஆனது. அஸ்திவாரத்துக்குத் தோண்டிய மேல்மண்ணைச் சாக்கில் கட்டி, வேலை முடிந்து வரும்போதெல்லாம் தோளில் போட்டுக் கொண்டுவந்தார். பூங்காவில் கூட்டுகிறவரிடம் சொல்லி மக்கின சருகு வாங்கிவந்தார். கல்லையும் கண்ணாடித் துண்டையும் சல்லடையில் சலித்து எடுத்தது சில்லு. பிறகு கடைக்குக் கூட்டிப்போய் பீன்ஸ் விதைப் பொட்டலம் வாங்கிக் கொடுத்தார். தானே விதைக்கவேண்டும், யாரும் பக்கத்தில் வரக்கூடாது என்று உத்தரவு. அம்மாவும் அவரும் பின்வாசலில் நின்றார்கள். நான் ஜன்னலில். விரலால் குழி போட்டாள், கையை விட்டாள், மூடினாள், தட்டினாள். என் கண்ணால் பார்த்தேன்.

முளைக்கவில்லை.

முதலில் யாரும் கவலைப்படவில்லை. அப்புறம் எல்லோரும் கவலைப்பட்டார்கள், சில்லுவைத் தவிர. அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் டம்ளரில் தண்ணீர் எடுத்து ஊற்றுவாள், போய்விடுவாள். தம்பி மண்டியிட்டு மண்ணோடு கண்ணை வைத்துப் பார்ப்பார். வேலைக்குப் போகும் முன் ஒருமுறை, வந்தபிறகு ஒருமுறை.

"தண்ணி அதிகமாயிடுச்சு," என்றாள் அம்மாக்காரி.

"ஓட்டை போட்டிருக்கேனே."

"அப்போ தண்ணி பத்தல."

"அதிகம்னியே?"

"எனக்கென்ன தெரியும்? நான் ரொட்டி கட்டுறவ."

"எண்ணெய்தான்," என்றார் அவர். "பலகையில ஊறின எண்ணெய் மண்ணுல இறங்கிடுச்சு. நான் சுரண்டினது பத்தல. இந்தப் பாவி பலகையைத் தவிர வேற பலகை கிடைக்கலையா எனக்கு!"

விதை என்ன ஆனது என்றுகூடப் பாராமல் மண் அத்தனையையும் வெளியே அள்ளிப் போட்டு, அடி ஓட்டைகளை மட்டும் விட்டு உள்பக்கம் பிளாஸ்டிக் விரித்து மறுபடி கொட்டினார். சில்லு மறுபடி விதைத்தாள். பொட்டலத்தில் பாதி மிச்சமிருந்தது. மறுபடி ஒன்றும் இல்லை. விதை பழசாக இருக்கும் என்றேன் நான். கடைக்காரனிடம் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தார். அவன் தன் தொட்டியில் அதே விதை கொடியோடியிருப்பதைக் காட்டி அனுப்பிவிட்டான். எனக்கும் மண்டை காய்ந்தது. தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டுக்கு இடதுகையை வலதில் வைத்துவிட்டேன்.

விஷயம் பீன்ஸ் இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். லீவு நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் அவரே வாய்விட்டுச் சொன்னார்.

"அக்கா, அத்தை வீட்டுல மண்ணு இருக்குன்னா. நான் மண்ணு கொண்டாந்தேன். இங்க எதுவுமே முளைக்காதுன்னு அவளே நினைச்சுக்குவால்ல? ஆயிரம் தூண் நிமித்தினவன். ஒரு பீன்ஸை நிமித்த முடியல."

குடம் நிரம்பிவிட்டது என்றேன். அது நிரம்பி வழிந்துகொண்டுதான் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை காலையில் அவர் பொறுமை போய் மண்ணைத் தோண்டிப் பார்த்தார். விரலால், பிறகு கரண்டியால், பிறகு சல்லடையால். ஒரு விதைகூட இல்லை. அழுகினது இல்லை, தோல் இல்லை, எறும்பு தின்ற மிச்சம்கூட இல்லை.

"எங்க போச்சு?" என்று என்னை அண்ணாந்து கேட்டார்.

"போட்டாளே தம்பி. என் கண்ணால பாத்தேன்."

"நானுந்தான் பாத்தேன்."

"எலியா இருக்கும்," என்றாள் அம்மாக்காரி. அவர் எலிப்பொறி வாங்கக் கிளம்பிவிட்டார். பாவம், எதையாவது வாங்கவேண்டும் அவருக்கு.

அன்று மத்தியானம் சில்லுவின் பள்ளிக்கூடப் பை என் மெஷினில் இருந்தது. பட்டி அறுந்துவிட்டதென்று அவள் அம்மா கொடுத்தனுப்பியிருந்தாள். உள்துணியும் கிழிந்திருந்தது. அதையும் தைத்துவிடலாமே என்று பையைத் தலைகீழாகப் புரட்டினேன். கிழிசலுக்குள்ளிருந்து பொலபொலவென்று தரையில் கொட்டின. பீன்ஸ் விதைகள். அத்தனையும்.

பையை வாங்க வந்த சில்லு, நான் பொறுக்கி உள்ளங்கையில் வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"அப்போ குழிக்குள்ள என்னடி போட்டே?"

"ஒண்ணும் போடல, பெரியம்மா. கையை விட்டு எடுத்துட்டேன்."

"ரெண்டு தடவையும்?"

"ம்."

"ஏண்டி? அந்த மனுசன் பைத்தியம் பிடிச்சு அலையுறாரே, தெரியுதா இல்லையா?"

"தெரியுது." அவள் என் நாற்காலியின் கைப்பிடியைச் சுரண்டினாள். "அதைப் பிடுங்கப் போறாங்க."

"எதை?"

"பெட்டியை. அவங்களே சொன்னாங்க. ஆணியைப் பாதிதான் அடிச்சிருக்காங்க, அப்புறம் பிடுங்கறதுக்கு. செடி வந்தப்புறம் பிடுங்கினா செடி செத்துடும்ல? அதான் போடல. சும்மா போட்ட மாதிரி செஞ்சேன். அவங்க ஆசையா கொண்டாந்தாங்க, பாவம்."

அவளே தொடர்ந்தாள்.

"முதல் வீட்டுலருந்து அத்தை வீட்டுக்குப் போனோம். அத்தை வீட்டுலருந்து இங்க வந்தோம். இதுவும் கொஞ்ச நாள்தான் போல. கேட்டா அம்மா அழும். நீங்க சொல்லிடாதீங்க."

சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். என் வாய்க்குச் சத்தியம் எல்லாம் ஒரு கணக்கா? ஆனால் இந்தத் தடவை கொஞ்சம் யோசித்தேன். குழந்தை சொன்னதை அப்படியே கொண்டுபோய்க் கொட்டினால் அவள் நாளைக்கு என் முகத்தில் முழிப்பாளா? விடிந்ததும் விதைகளை முந்தானையில் முடிந்துகொண்டு கீழே இறங்கினேன். தம்பி எலிப்பொறியில் ரொட்டித் துண்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, அந்த ஆணியையெல்லாம் முழுசா அடிச்சிடுங்க."

"எந்த ஆணி?"

"பாத்தியில இருக்கிற ஆணி."

"அது நல்லாத்தானே நிக்குது? ஆடலையே."

"ஆடலைதான். முழுசா அடிங்க."

"முழுசா அடிச்சா அப்புறம் பிடுங்க முடியாதேக்கா."

"எதுக்குப் பிடுங்கணும்?"

"எதுக்குன்னா..." அவர் நிறுத்தினார். பெட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பலகைன்னா பிடுங்கித்தானே..."

"அவ கேட்டப்ப என்ன சொன்னீங்க?"

"யாரு? சில்லுவா? ஆணியைப் பத்தியா?" நெற்றியைச் சுருக்கினார். ஒன்றும் பிடிபடாமல் நின்றுகொண்டே இருந்தார். நான் வேறு எதுவும் சொல்லவில்லை. சத்தியத்தை அந்த மட்டுக்காவது காப்பாற்றினேன். கொஞ்ச நேரத்தில் அவர் கையிலிருந்த எலிப்பொறி தானாகப் படக்கென்று மூடிக்கொண்டது. விரலில் பட்டிருக்கவேண்டும். அவர் கவனிக்கவில்லை.

"அடப்பாவி," என்றார், தன்னைத்தான். "நான் அதைச் சும்மா பழக்கத்துல சொன்னேன்க்கா. இருபது வருஷமா பிடுங்கறதுக்குத்தான் அடிக்கிறேன். நிக்கறதுக்குன்னு ஒண்ணுகூட அடிச்சதில்ல."

சுத்தியலை எடுத்துவந்தார். முதல் அடியிலேயே தெருவில் நாய் குரைத்தது. ஒவ்வொரு தலையையும் மரத்துக்குள் புதைகிறவரை இறக்கினார். ஒரு பலகை வெடித்தது. அதற்கு மேலே பட்டை வைத்து அடித்தார். உள்பக்கம் நீட்டிய முனைகளை மண்ணை விலக்கி, மடக்கி, மரத்தோடு சேர்த்து அடித்தார். சத்தம் கேட்டு சில்லு கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றாள். இந்தத் தடவை சுற்றிக்கொண்டு முன்னால் வரவில்லை. அவருக்குப் பின்னால் நின்றே கேட்டாள்.

"இனிமே எப்படிப் பிடுங்குவீங்க?"

அவர் திரும்பவில்லை. "முடியாது."

"கொக்கி மாட்டினா?"

"மாட்டத் தலையே இல்ல. பாரு."

அவள் வந்து விரலால் தடவிப் பார்த்தாள். நாலு மூலையும் தடவினாள்.

"நாம வீடு மாத்தினா?"

வாடகை வீடு. மாத்தவே மாட்டோம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது எனக்கு. அவர் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"மாத்தினா இதை இங்கயே விட்டுட்டுப் போவோம். போற எடத்துல புதுசா ஒண்ணு அடிப்போம்."

"யாரு அடிப்பா?"

"நான் அடிப்பேன். நீ ஆணி எடுத்துக் குடுப்ப. அம்மா ரொட்டி குடுப்பா."

"அதையும் முழுசா அடிக்கணும்."

"முழுசாத்தான்."

அவள் உள்ளே போனாள். தம்பி என்னைப் பார்த்தார். சரியாகச் சொன்னேனா என்று கேட்கிற முகம். எனக்கும் தெரியவில்லை. உள்ளே அம்மாவிடம், பசிக்கிறது என்று கத்துகிற சத்தம் கேட்டது. தின்றுவிட்டு வந்தாள். என்னிடம் கை நீட்டி விதைகளை வாங்கிக்கொண்டாள். தம்பி அதைப் பார்த்தார்; என்னையும் பார்த்தார்; ஒன்றும் கேட்கவில்லை. இந்தத் தடவை யாரையும் எட்டிப் போகச் சொல்லாமல் விதைத்தாள்.

அத்தை வந்த அன்றும் மண் அப்படியேதான் இருந்தது; விதைத்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. ஒரு பச்சையும் தெரியவில்லை. லீவு விட்ட மறுநாள். வாசலில் பெரிய சூட்கேஸ் ஒன்று வந்து இறங்கியது. ஒரு ஆள் படுக்கலாம், அத்தனை பெரியது. புதுசு. கைப்பிடியில் இன்னும் கடைக் காகிதம் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அம்மாக்காரி அடுப்படிக்குள் போய்விட்டாள். தம்பி கையைக் கட்டினார், அவிழ்த்தார். நான் ஒரு ஊசியை இரவல் கேட்கிற சாக்கில் கீழே நின்றேன். டெய்லர் ஊசி இரவல் கேட்கிறாளே என்று யாருக்கும் தோன்றவில்லை. அந்த நிலைமை.

"சில்லுக்கண்ணு, உன் துணியெல்லாம் எடுத்து வை," என்றாள் அத்தை.

சில்லு உள்ளே போனாள். பீரோ திறந்து மூடும் சத்தம் கேட்டது. எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். அத்தை பஸ்ஸைப் பற்றிப் பேசினாள். வெயிலைப் பற்றிப் பேசினாள். தம்பி எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றார்.

சில்லு வந்து, "எடுத்து வச்சுட்டேன்," என்றாள். அம்மாவைக் கட்டிப்பிடித்து ஒரு முத்தம். பிறகு பின்பக்கம் ஓடிப்போய் டம்ளர் தண்ணீர் ஊற்றிவிட்டு ஓடிவந்தாள்.

"நான் தூக்கிட்டு வரேன், பஸ் வரைக்கும்," என்றார் தம்பி. அந்த அளவு சூட்கேஸைத் தூக்கக் காலை அகட்டி, மூச்சை இழுத்து, பலகை தூக்குகிற பலத்தோடு தூக்கினார். அது அவர் கையில் விருட்டென்று மேலே வந்து முழங்காலில் இடித்தது. அவர் தடுமாறினார். கீழே வைத்தார். மறுபடி தூக்கினார். ஆட்டிப் பார்த்தார். உள்ளே ஏதோ ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குச் சரிந்தது.

"என்னம்மா இது, ஒண்ணுமே இல்ல போலிருக்கே?"

"மூணு கவுன் இருக்கு. பாவாடை இருக்கு. பிரஷ் இருக்கு," என்றாள் சில்லு. அவரை, அத்தையை, அடுப்படி வாசலில் நின்ற அம்மாவை, எல்லோரையும் ஒரு சுற்று பார்த்தாள். இந்தப் பெரியவர்களுக்கு என்ன வந்துவிட்டது என்கிற முகம். "லீவுக்குப் போய்ட்டு வர்றதுக்கு எவ்வளவு துணி வேணும்?"

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைத்துக்கொண்டே இருந்தாள். சில்லு போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "வாங்க அத்தை, பஸ் போயிடும்," என்றாள். தம்பி அந்தச் சூட்கேஸை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். கனமே இல்லாததை அப்படி யாரும் தூக்கி நான் பார்த்ததில்லை.